பெங்களூரின் பால்புதுமையினர்: ஹமாமிலிருந்து பொம்மசந்திரா வரை

பெங்களூர்ப் பால்புதுமையினர் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது அந்நகரில் வாழும் திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பாளர், ஆண் பெண் என்ற இரண்டில் எதற்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாதோர் ஆகிய அனைவரையும். இந்தியாவில் இவர்களுடைய உரிமைக்காக எழுந்த இயக்கத்தில் பெங்களூர் முன்னணியில் நின்ற நகரம். அங்கே முதலில் தெருவுக்கு வந்து அடிபட்டவர்களில் பலர் தமிழ் பேசும் திருநங்கைகள் என்பதால், தமிழரின் சமூக வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. நகரின் தென்கோடியில், ஓசூர் சாலையை ஒட்டி, ஆனேக்கல் வட்டத்தில் இருக்கும் தொழிற்பேட்டையான பொம்மசந்திரா இந்த வரலாற்றின் விளிம்பில் இருக்கிறது. நகர நடுவில் வென்றெடுத்த உரிமை அந்த விளிம்புவரை வந்து சேர்ந்ததா என்று பார்த்தால்தான் வெற்றியின் அளவு தெரியும்.

கோயிலும் திருவிழாவும்

சந்திரமான நாட்காட்டியின் சைத்ர மாத முழுநிலவு இரவில் பெங்களூரின் திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். திகளர் சமூகத்துப் பூசாரி சேலை உடுத்து, வளையல் அணிந்து, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கித் திரௌபதியாகவே ஊர்வலம் வருவார். வாளேந்திய வீரகுமாரர்கள் உடன் வருவார்கள். ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று போகும். பொம்மசந்திராவுக்குப் பக்கத்து ஊரான ஆனேக்கலிலும் கரகம் உண்டு. திகளரின் வேர் தமிழ்நிலத்தில் இருப்பது பலரும் அறிந்தது. தமிழ்ச் சித்திரை முழுநிலவை ஒட்டி உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. அங்கே திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் ஆண்டுதோறும் அங்கே போகிறார்கள். இரண்டும் பாரதக் கதையின் கிளைகள்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. கரகம் தூக்கும் பூசாரி திருவிழா முடிந்ததும் தன் வீட்டு ஆணாகவே திரும்புகிறார், அது விரதம். கூவாகம் போகும் திருநங்கைக்குத் திரும்பிப் போக வேறு அடையாளம் கிடையாது. ஆனாலும் ஆண் உடலில் பெண் தெய்வம் இறங்குவதைக் கைகூப்பி ஏற்கும் ஊர், மறுநாள் காலையில் சேலை கட்டிய ஒருவரை வாடகை வீட்டிலிருந்து விரட்டுவதற்கு மரபைக் காரணமாகக் காட்ட முடியாது.

வடகர்நாடகத்தில் சவதத்தி எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்படும் ஜோகப்பாக்கள் வேறொரு மரபு. அவர்கள் குரு, சீடர் உறவில் அமைந்த திருநங்கைகளின் ஜமாத் அமைப்புக்கு வெளியே, கோயிலைச் சார்ந்து வாழ்கிறவர்கள். அம்மரபில் வந்த மஞ்சம்மா ஜோகதி வீட்டைவிட்டு வெளியேறி, காளவ்வ ஜோகதியிடம் ஜோகதி நிருத்தம் கற்று மேடையேறியவர். 2019-ல் கர்நாடக ஜானபத அகாதெமியின் தலைவரானார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஹமாம்

பெங்களூர்த் திருநங்கை வாழ்க்கையை நெடுங்காலம் தாங்கிய இடம் ஹமாம். ஆண்கள் காசு கொடுத்து வெந்நீரில் குளித்துப் போகும் குளியல் கூடம் அது. நடத்துபவர் மூத்த திருநங்கை. உள்ளே அவருடைய சீடர்களான சேலாக்கள் தண்ணீர் காய்ச்சுவார்கள், சமைப்பார்கள். பாலியல் தொழிலும் அங்கேயே நடக்கும். வீட்டைவிட்டு ஓடிவந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கூரையும் சோறும் கிடைத்த இடமும் அதுதான், உடலை விற்றாக வேண்டிய இடமும் அதுதான். குரு, அவருக்குக் குருவான நானி, உடன்பிறவா அக்கா தங்கைகள் என்று உறவுமுறை முழுதாக இருந்தது. தகராறு வந்தால் ஜமாத் கூடித் தீர்க்கும்; தண்டம் விதிக்கும். பிறந்த வீடு கைவிட்டவர்களுக்கு இந்த ஏற்பாடே குடும்பம். அதில் அடிமைத்தனமும் உண்டு. அன்பு மட்டுமே நிறைந்த குடும்பமாக அதை வருணிப்பதும், வெறும் சுரண்டலாக ஒதுக்குவதும் அங்கே வாழ்ந்தவர்கள் எழுதியதைப் படிக்காதவர்கள் செய்வது.

ஹமாமுக்கு வெளியே கிடைத்த வருமானம் கடைகளில் காசு வாங்கும் ‘கடை கேட்பதும்’, பிள்ளை பிறந்த வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஆடிப்பாடி வாழ்த்திப் பெறும் பதாயும். தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு இந்த அமைப்பும் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது கப்பன் பூங்கா போன்ற பொது இடங்களில். காவலரும் அதை அறிந்திருந்தார்கள். பிடித்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டி, சட்டைப்பையைக் காலிசெய்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு காவலர்களுக்குக் கைகொடுத்தது. அப்பிரிவின் கீழ் வழக்கு நீதிமன்றம்வரை போனதைவிட, அதன் பெயரைச் சொல்லிப் பணம் பறித்ததே அதிகம்.

இவ்வளவு இருட்டான காலத்தில் ஒரு நூல் வந்தது. பெங்களூரில் பிறந்த கணிதமேதை சகுந்தலா தேவி 1977-ல் தன்பாலீர்ப்பாளரின் உலகம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், இந்தியாவில் இப்பொருள் குறித்து வந்த முதல் விரிவான ஆய்வு நூலாகக் கருதப்படுகிறது. தண்டிப்பதை நிறுத்துவது மட்டும் போதாது, முழுமையாக ஏற்க வேண்டும் என்பது அவர் நிலை. கணினியோடு போட்டியிட்ட பெண் என்று பாடநூல்கள் அவரைக் கொண்டாடுகின்றன. இந்த நூலையும் அவற்றில் குறிப்பிட வேண்டும்.

அமைப்புகள் எழுந்த காலம்

1994-ல் ‘குட் அஸ் யூ’ என்ற ஆதரவுக் குழு தொடங்கியது. வியாழன் மாலைகளில் சிலர் கூடிப் பேசும் சந்திப்பு அது. தம்மைப் போல் இன்னொருவர் உண்டு என்பதை அங்கேதான் முதன்முதலாகப் பலர் கண்டார்கள். 1997-ல் பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் தன்பாலீர்ப்பாளர் உரிமை குறித்து ஒரு தேசியக் கருத்தரங்கு நடந்தது. 1999-ல் மனோகர் எலவர்த்தி சங்கமா அமைப்பைத் தொடங்கினார். வினய் சந்திரனின் ஸ்வபாவா அறக்கட்டளை, தொலைபேசி வழி ஆலோசனை தரும் ‘சகாயா’வை நடத்தியது. 2000-ல் உருவான மாற்றுச் சட்ட மன்றத்தின் அரவிந்த் நாராயண் போன்ற வழக்கறிஞர்கள் காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடந்தார்கள். பெண்களுக்கும் திருநம்பிகளுக்கும் லெஸ்பிட் என்ற குழு தனியே உருவானது.

சங்கமாவின் தொடக்கம் ஒரு ஆவணக் காப்பகம்; ஆங்கிலம் தெரிந்த நடுத்தர வகுப்பார் வந்து படிக்கும் இடம். அது ஹமாம்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வந்த திருநங்கைகளுக்கும் பெண்தன்மை கொண்ட ஆண்களான கோத்திகளுக்கும் கதவைத் திறந்ததும் நிலைமை மாறியது. ஆங்கிலம் தெரியாதவர்களும், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் பேசுகிறவர்களும் கூட்டங்களில் பெரும்பான்மை ஆனார்கள். எதைக் கேட்பது என்பதும் மாறியது: சட்டப்பிரிவை நீக்கு என்பதோடு, அடிக்காதே, ரேஷன் அட்டை கொடு, வீடு கொடு என்பதும் சேர்ந்தது. பெங்களூர் இயக்கத்தின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பி.யு.சி.எல்.) கர்நாடகக் கிளை 2001-ல் பாலியல் சிறுபான்மையினர் மீதான உரிமை மீறல்கள் பற்றியும், 2003-ல் குறிப்பாகத் திருநங்கைகளும் கோத்திகளும் படும் வன்முறை பற்றியும் அறிக்கைகள் வெளியிட்டது. அந்த அறிக்கைகள் வெறும் காகிதம் அல்ல என்பதை 2004 ஜூன் காட்டியது. பெங்களூரில் ஒரு திருநங்கையைக் கும்பல் ஒன்று வன்புணர்ந்தது. புகாரைக் கேட்க வேண்டிய காவலர்கள் அவரையே நிலையத்துக்கு இழுத்துச் சென்று, ஆடை களைந்து, சன்னலோடு விலங்கிட்டுச் சித்திரவதை செய்தார்கள். நகரம் முழுதும் எதிர்ப்பு எழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 2009 ஜூலை 2 அன்று, நாஸ் அறக்கட்டளை வழக்கில் 377-ஆம் பிரிவின் பிடியை முதன்முறை தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றம், அப்பிரிவு என்ன செய்கிறது என்பதற்குச் சான்றாக இந்தப் பெங்களூர் நிகழ்வைத் தன் தீர்ப்பில் எழுதிவைத்தது. டெல்லியில் கிடைத்த அந்த நீதிக்குள் பெங்களூர்த் திருநங்கை ஒருவரின் வலி இருக்கிறது.

2008 ஜூன் 29 அன்று பெங்களூரில் முதல் பெருமித ஊர்வலம் நடந்தது. அதே நாளில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நடந்தது. முகமூடி போட்டு வந்தவர்கள் இருந்தார்கள். முன்வரிசையில் முகத்தை மறைக்காமல் வந்தவர்கள் திருநங்கைகள். அவர்களுக்கு மறைக்க வழியே இருந்ததில்லை. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கிரிநகர் பகுதியில் திருநங்கைகள் கைதானார்கள்; அவர்களைப் பற்றி விசாரிக்கப் போன சங்கமா ஊழியர்களும் கைதானார்கள். ஊர்வலம் இப்போது ‘நம்ம பிரைட்’ என்ற பெயரில் நவம்பர் மாதத்தை ஒட்டி நடக்கிறது. 2011-ல் கர்நாடகக் காவல் சட்டத்தில் 36ஏ பிரிவு சேர்ந்தது. குழந்தைக் கடத்தல், ஆண்மை நீக்கம் போன்ற குற்றங்களில் ‘சந்தேகத்துக்குரிய’ திருநங்கைகளின் பெயரையும் முகவரியையும் காவல்துறை பதிவேட்டில் வைக்க அது வழிசெய்தது. 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி நூற்றாண்டு கடந்து உயிர்த்து வந்ததைப் போன்ற சட்டம் இது. சமூகத்தார் நீதிமன்றம் போன பிறகே அரசு அதைத் திருத்தியது.

ரேவதியும் தமிழ் எழுத்தும்

இந்த வரலாற்றில் தமிழுக்குக் கிடைத்த மிகப்பெரிய கொடை ஆ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வீட்டிலும் பள்ளியிலும் அடிபட்டு, டெல்லிக்கும் மும்பைக்கும் போய் ஜமாத்தில் சேர்ந்து, பிறகு பெங்களூர் ஹமாமில் வாழ்ந்தவர். சங்கமாவில் சிறிய பணியில் சேர்ந்து அதன் இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்தார். தென்னிந்தியத் திருநங்கைகளை நேரில் கண்டு, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 2004-ல் ‘உணர்வும் உருவமும்’ நூலைக் கொண்டுவந்தார். பிறர் கதைகளை எழுதியபின் தன் கதையை எழுதினார். வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் அது 2010-ல் முதலில் ஆங்கிலத்தில் வந்தது. மறுஆண்டு ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழில் வந்தது.

இந்த வரிசையே வருத்தத்துக்குரியது. தமிழில் எழுதப்பட்ட ஒரு தன்வரலாறு, தமிழ் வாசகர் கைக்கு வருமுன் ஆங்கில வாசகர் கைக்குப் போனது. ஆனால் நூலின் வலிமை அதனால் குறையவில்லை. காவலர் அடித்ததையும், குரு அரவணைத்ததையும், நிர்வாணம் என்று சமூகத்தார் சொல்லும் அறுவையின் வலியையும், காதலித்து மணந்து கைவிடப்பட்டதையும், தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு உடன்பிறந்தவர்களோடு மோதியதையும் ஒரே குரலில் சொல்கிறார். இரக்கத்தை அவர் கேட்பதில்லை. பெங்களூர் ஹமாமின் உட்புறத்தைத் தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான தமிழ்ச் சான்று கிடையாது. 2019-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் பெண் எழுத்தாளர்களின் பெயர்களை ஏற்றியபோது, டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ ஆகியோருடன் ரேவதியின் பெயரும் இருந்தது.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ 2007-ல் தமிழில் வந்தது. அதன் கன்னட மொழிபெயர்ப்பைக் கொண்டு பி. எஸ். லிங்கதேவரு ‘நானு அவனல்ல அவளு’ என்ற படத்தை எடுத்தார். அதில் நடித்த சஞ்சாரி விஜய் 62-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகர் விருது பெற்றார். காவிரிக்காக இரு மாநிலமும் சண்டையிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு தமிழ்த் திருநங்கையின் வாழ்க்கை கன்னடத் திரையரங்கில் அழவைத்தது. கன்னடத்தில் வசுதேந்திரா 2013-ல் வெளியிட்ட ‘மோகனசாமி’ சிறுகதைகள் தன்பாலீர்ப்புள்ள ஒருவனின் வாழ்வை வெளிப்படையாகப் பேசின. அவர் மென்பொருள் துறையில் நெடுநாள் பணியாற்றியவர். பெங்களூர் அலுவலகங்களின் கண்ணாடிச் சுவருக்குள் இருந்த மௌனம் அக்கதைகளில் உடைந்தது. 2016-ல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய ‘அரவானி கலைத் திட்டம்’ திருநங்கைகளின் கைகளாலேயே நகரச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைவித்தது. கூவாகத்து அரவானின் பெயர் அப்படிக் கர்நாடகத் தலைநகரின் சுவருக்கு வந்தது.

நீதிமன்றமும் அரசும்

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி தீர்ப்பை மாற்றி 377-ஐ மீட்டது. நான்கே மாதத்தில், 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கிய வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. 377-ஐ எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் பெங்களூர்த் திருநங்கை அக்கை பத்மசாலி இருந்தார். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, மனமொத்த வயது வந்தோரின் உறவு குற்றமல்ல என்றார்கள். அக்கை, ‘ஒந்தெடெ’ அமைப்பை நிறுவியவர். 2015-ல் கர்நாடக ராஜ்யோத்சவ விருது பெற்றவர். மணம் செய்யும் உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தர மறுத்தது. இன்றும் பெங்களூரில் சேர்ந்து வாழும் இரு பெண்களில் ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் மற்றவர் சட்டப்படி உறவினர் அல்லர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத பிறர் என்று பதிவானோர் கர்நாடகத்தில் 20,266 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். சொல்லத் துணிந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே இது. தமிழ்நாடு 2008-ல் திருநங்கைகள் நலவாரியம் அமைத்து முன்னே நடந்தது. கர்நாடகம் 2017-ல் மாநிலக் கொள்கை வெளியிட்டது. சங்கமா தொடுத்த வழக்கின் விளைவாக 2021 ஜூலையில் அரசுப் பணிகளில் திருநர்களுக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு தந்த முதல் மாநிலமானது. அது கிடைமட்ட ஒதுக்கீடு: பொதுப்பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியே 1 விழுக்காடு. தலித் திருநங்கை தன் சாதிக்கான உரிமையை விட்டுக்கொடுத்துத் திருநர் உரிமையைப் பெற வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது இதைத்தான். இந்த ஒரு விஷயத்தில் கர்நாடகத்தைப் பார்த்துத் தமிழ்நாடு கற்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டம் அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட நிர்வாகத்திடம் போகச் சொன்னது. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அது வைத்த தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு. பெண்ணை வன்புணர்ந்தால் ஆயுள்வரை சிறை, திருநங்கையை என்றால் 2 ஆண்டு என்ற கணக்கு 2004-ல் நடந்ததை அறிந்தவர்கள் யாரும் ஏற்கக்கூடியதல்ல.

அலுவலகமும் தொழிற்பேட்டையும்

377 வீழ்ந்தபின் பெங்களூரின் பெருநிறுவனங்கள் வேகமாக முன்வந்தன. 2017-ல் இங்கே தொடங்கிய பிரைட் சர்க்கிள், 2019 ஜூலையில் லலித் அசோக் ஓட்டலில் பால்புதுமையினருக்கான வேலைவாய்ப்பு முகாமை நடத்தியது. நாட்டிலேயே அத்தகைய முதல் முகாம் அது. இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களில் ஊழியர் குழுக்கள் முன்பே இருந்தன. பட்டம் பெற்று ஆங்கிலம் பேசும் தன்பாலீர்ப்பாளருக்கு இதனால் கிடைத்த நிம்மதி மிகப்பெரியது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் அத்தகைய நிறுவனங்கள் இருக்கும் மின்னணு நகர வளாகங்களைத் தாண்டி ஓசூர் சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே வந்தால் பொம்மசந்திரா. பயோகான் போன்ற மருந்து ஆலைகள், நாராயணா மருத்துவ நகரம், எண்ணற்ற சிறு பட்டறைகள் என்று இயங்கும் பகுதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துத் தமிழர்களும் வட மாநிலத்தவரும் ஒப்பந்தக் கூலிகளாக வந்து தங்கும் இடம். இங்கே தங்குவதற்குப் பெரும்பாலும் கிடைப்பது பிஜி விடுதி. வாசலில் ஆண்களுக்கு என்றோ பெண்களுக்கு என்றோ பலகை தொங்கும். ஆதார் அட்டையில் பெண் பெயரும் முகத்தில் மீசையும் உள்ள திருநம்பி எந்த வாசலில் நுழைவது? ஆலைக் கழிப்பறையிலும் இதே கேள்வி. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டிலும் இதே கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மனிதவளத் துறையோ ஊழியர் குழுவோ கிடையாது. பல திருநங்கைகள் ஆலை வாசலுக்குள் போகாமல் சிக்னலில் நிற்பதற்கு முதற்காரணம் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்த வாசல்களில் ஒரு நாளாவது வேலை கேட்டுப் பார்க்க வேண்டும்.

சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் கர்நாடகத்தின் சாதாரண அரசுப் பேருந்துகளில் அம்மாநிலத்தைச் சேர்ந்த பெண்களோடு திருநங்கைகளும் கட்டணமின்றிப் போகலாம். தமிழ்நாட்டின் நகரப் பேருந்துகளில் 2021-லிருந்தே அந்தச் சலுகை உண்டு. ஆகவே இரு மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இத்தகைய சலுகை இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்ததால், ஆலோசனைக்கோ மருத்துவத்துக்கோ நகர நடுவுக்குப் போய்வருவது எளிதானது.

ஹமாம்களில் இளமையைக் கழித்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. அவர்களில் பலரின் பேச்சுமொழி தமிழ். எழுதத் தெரிந்தவர்கள் சிலரே. ரேவதி 2004-ல் செய்த தொகுப்புப் பணியைப் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் உடனே கையில் எடுக்க வேண்டும். அந்த மூத்த திருநங்கைகளைத் தேடிச் சென்று, உரிய மதிப்பூதியம் கொடுத்து, அவர்கள் குரலைப் பதிவுசெய்து வைக்க வேண்டும்.